அத்தியாயம் 7: எத்தனை பைட் கேட்பது?

லினக்ஸ் கெர்னலில் நினைவகம் கேட்பது ஒரு வரி வேலை. கேமாலாக்கை அழைக்கிறோம், எத்தனை பைட் வேண்டும் என்று சொல்கிறோம், திரும்பி வந்தது வெற்றுப் பாயிண்டரா என்று பார்க்கிறோம். டிரைவர் எழுதப் பழகுகிறவர்களுக்கு மூன்றாவது படியைத்தான் எல்லோரும் அழுத்திச் சொல்லித் தருவார்கள். மோசமான ஓட்டைகள் விழுந்ததோ இரண்டாவது படியில். கேட்ட அளவே தவறாக இருந்தால் கெர்னல் அந்தத் தவறான அளவைக் குறையில்லாமல் கொடுத்துவிடும். பாயிண்டர் செல்லுபடியானதாக இருக்கும், சோதனையும் தேறிவிடும். அதற்குப் பிறகு நாம் எழுதுவதெல்லாம் அடுத்தவர் இடத்தில் போய் விழும்.

இந்த அத்தியாயத்தில் மனத்தில் வைக்க வேண்டிய விதி ஒன்றே ஒன்று: அளவுக் கணக்கு தோற்றால் ஒதுக்கீடும் தோற்க வேண்டும். கணக்கு பிசகியும் நினைவகம் கிடைத்துவிடுகிற நிலை வரக் கூடாது. அதற்கான கருவிகள் கெர்னலிலேயே இருக்கின்றன. எந்த இடத்தில் எதை எடுப்பது, எங்கே அதுவும் போதாது என்று வரிசையாகப் பார்க்கலாம். ஃபங்ஷன் பெயர்களையும் கோடு வரிகளையும் ஒலிக்கும் விதத்திலேயே தமிழில் தந்திருக்கிறோம்.

7.1 பிழை எப்படிப் பிறக்கிறது

ஓர் அளவீட்டு அட்டைக்கு டிரைவர் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பயனர் நிரல் ஐஓசிடிஎல் வழியாகச் சேனல் அமைப்புகளை அனுப்பும். ஒவ்வொன்றும் 16 பைட். எத்தனை என்பதையும் பயனர் நிரலே சொல்லும். முதலில் கைக்கு வருவது இந்த வரி:

பட்டியல் = கேமாலாக்(எண்ணிக்கை * 16, ஜிஎஃப்பி_கெர்னல்);

32 பிட் கணினியில் சைஸ்_டி வகை தாங்கும் உச்ச எண் 4,29,49,67,295. எண்ணிக்கை 26,84,35,457 என்று வந்தால் பெருக்கற்பலன் 4,29,49,67,312. அது 32 பிட்டில் அடங்காது. மேலே உள்ள பிட் உதிர்ந்து, மிஞ்சுவது 16. கெர்னல் 16 பைட் தருகிறது. அடுத்து வரும் சுழற்சி 26 கோடி அமைப்புகளுக்கு மேல் எழுதக் கிளம்புகிறது. முதலாவது மட்டும் உரிய இடத்தில் உட்காரும். இரண்டாவதிலிருந்து பக்கத்துப் பொருளின் மேல் எழுதப்படும். அந்தப் பொருளில் ஃபங்ஷன் பாயிண்டர் இருந்துவிட்டால் தாக்குகிறவருக்கு வழி திறந்தாயிற்று. கம்பைலர் இதற்கு எச்சரிக்கை தராது. குறியற்ற எண் இப்படிச் சுற்றி வருவது சி மொழியின் விதிப்படி முறையானதே.

64 பிட் கணினியில் இந்தக் கவலை இல்லை என்பது பாதிதான் உண்மை. பெருக்கப்படும் எண்கள் எல்லாம் 32 பிட் மாறிகள் என்றால், பெருக்கலும் 32 பிட்டிலேயே நடந்து முடியும். விடை அதன் பிறகுதான் 64 பிட்டுக்கு விரியும். திரைப் படத்துக்கு இடம் கேட்கும் டிரைவரில் அகலம், உயரம், ஒரு புள்ளிக்கு 4 பைட் என மூன்றையும் பெருக்குவார்கள். அகலம் 65,536, உயரம் 16,385 என்று வந்தால் 32 பிட்டில் மிஞ்சுவது வெறும் 2,62,144 பைட். உயரம் 16,384 என்றால் மிஞ்சுவது பூஜ்யம். பூஜ்ய பைட் கேட்டால் கேமாலாக் வெற்றுப் பாயிண்டரைத் தராது. 16 என்ற சிறப்பு முகவரியைத் தரும். ‘வெற்றா’ என்ற சோதனையில் அதுவும் தேறிவிடும். அதைத் தொட்டதும் கெர்னல் விழுந்துவிடும் என்பதால் பிழையாவது வெளியே தெரியும். 2,62,144 பைட் கிடைத்த முதல் நேர்வில் அதுகூடத் தெரியாது.

மூன்றாவது வழி குறியுள்ள எண். எண்ணிக்கையை இன்ட் வகையில் வைத்து, 1,024-ஐத் தாண்டினால் மறுப்பதாக ஒரு சோதனை எழுதுகிறோம். எதிர்ம எண் எதுவும் 1,024-ஐத் தாண்டாது, எனவே சோதனை அதை விட்டுவிடும். 32 பிட்டில் −26,84,35,455-ஐ 16-ஆல் பெருக்கினாலும் மிஞ்சுவது அதே 16 தான். எண்ணிக்கை, நீளம், அளவு எதுவானாலும் குறியற்ற வகையில் வையுங்கள்.

7.2 பெருக்கலை உள்ளே தள்ளுங்கள்

தீர்வின் முதல் படி, பெருக்கலை நாம் செய்யாமல் இருப்பது. எண்ணிக்கையையும் ஓர் உறுப்பின் அளவையும் தனித்தனியாகக் கொடுத்தால் ஒதுக்கும் ஃபங்ஷனே பெருக்கிக்கொள்ளும். விடை அடங்காவிட்டால் வெற்றுப் பாயிண்டரைத் திருப்பும். கேமாலாக்_அரே இதற்காகவே 2012-இல் லினக்ஸ் 3.4-இல் வந்தது. இடத்தைப் பூஜ்யமாக்கித் தருவது கேகாலாக்.

பட்டியல் = கேகாலாக்(எண்ணிக்கை, சைஸ்ஆஃப்(*பட்டியல்), ஜிஎஃப்பி_கெர்னல்);

அளவு கேட்கும் இடத்தில் 16 என்ற எண்ணோ ஸ்ட்ரக்டின் பெயரோ வரவில்லை, பாயிண்டர் சுட்டும் பொருளே வந்திருக்கிறது. நாளை அந்த ஸ்ட்ரக்டில் ஒரு புலம் கூடினால் கணக்கு தானாகத் திருந்திக்கொள்ளும். நட்சத்திரக் குறியை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் பாயிண்டரின் அளவு வந்துவிடும், 64 பிட்டில் அது 8 பைட்.

நிரப்பப்படாத பகுதி பயனர் நிரலுக்குத் திரும்பிப் போக வாய்ப்பிருந்தால் கேகாலாக்தான் வேண்டும். இல்லாவிட்டால் பழைய கெர்னல் தரவு கசியும். சாதனத்தின் ஆயுளோடு கட்டுப்பட்ட இடத்துக்கு டெவ்எம்_கேகாலாக், பெரிய இடத்துக்குக் கேவிமாலாக்_அரே அல்லது கேவிகாலாக், விரிவாக்கத்துக்குக் கேரீஅலாக்_அரே. டிஎம்ஏ_அலாக்_கோஹெரன்ட் போன்றவற்றுக்கு அரே வடிவம் இல்லை. அங்கே அளவு கேட்கும் இடத்தில் அரே_சைஸ் அல்லது சைஸ்_மல் போடுங்கள். ஒதுக்கும் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் பெருக்கல் குறி தெரிந்தால் செக்பேட்ச் ஸ்கிரிப்ட்டே எச்சரிக்கும். கெர்னல் ஆவணங்களில் கைவிடப்பட்ட பழக்கங்களுக்கான பட்டியலிலும் இது இடம்பெற்றிருக்கிறது.

7.3 தலைப்போடு வரும் பட்டியல்

டிரைவர்களில் அடிக்கடி வரும் இன்னொரு வடிவம், ஒரு தலைப்புப் பகுதி, அதன் வாலில் நீளம் முன்கூட்டித் தெரியாத அரே. சி99 இதை நெகிழ்வு அரே உறுப்பு என்று முறைப்படுத்தியது. இதற்கு இடம் கேட்க ஒரு கூட்டலும் ஒரு பெருக்கலும் வேண்டும். இரண்டுமே சுற்றி வரக்கூடியவை. இங்கே ஸ்ட்ரக்ட்_சைஸ் மேக்ரோ:

அளவு = ஸ்ட்ரக்ட்_சைஸ்(அட்டவணை, அமைப்பு, எண்ணிக்கை);

பாயிண்டர், வால் உறுப்பின் பெயர், எண்ணிக்கை ஆகிய மூன்றும் போதும். இது அரே_சைஸோடு சேர்ந்து 2018-இல் லினக்ஸ் 4.18-இல் வந்தது. கீஸ் குக் அப்போது காக்சினெல் கருவியைக் கொண்டு கெர்னல் முழுதும் இருந்த பெருக்கல்களைத் தேடி மாற்றினார்.

இந்த மேக்ரோக்கள் பிழையைத் தெரிவிக்கும் விதத்தைக் கவனியுங்கள். விடை அடங்காவிட்டால் இவை சைஸ்_டி வகையின் உச்ச எண்ணையே திருப்பும். அவ்வளவு நினைவகத்தை எந்தக் கணினியிலும் ஒரே இடமாக ஒதுக்க முடியாது என்பதால் ஒதுக்கும் ஃபங்ஷன் மறுத்துவிடும். கணக்கின் தோல்வி ஒதுக்கீட்டின் தோல்வியாக மாறுவது இப்படித்தான்.

பழைய டிரைவர்களில் வாலை ஓர் உறுப்புள்ள அரேயாக அறிவித்திருப்பார்கள். அப்போது தலைப்பின் அளவிலேயே ஓர் உறுப்பு சேர்ந்துவிடும் என்பதால், எண்ணிக்கையிலிருந்து ஒன்றைக் கழித்துவிட்டுப் பெருக்குவார்கள். எண்ணிக்கை பூஜ்யமாக வந்தால் அந்தக் கழித்தல் என்ன ஆகும் என்று போட்டுப் பாருங்கள். இத்தகைய அறிவிப்பைக் கண்டால் நெகிழ்வு அரேயாக மாற்றுவதுதான் முதல் வேலை. ஆனால் மாற்றும்போது சைஸ்ஆஃப் குறையும். அந்த ஸ்ட்ரக்டின் அளவை நம்பியிருக்கும் இடங்களை எல்லாம் தேடிப் பார்க்காமல் பேட்ச் அனுப்ப வேண்டாம். வாலை மட்டும் நகலெடுக்க எத்தனை பைட் என்பதற்கு ஃப்ளெக்ஸ்_அரே_சைஸ் இருக்கிறது.

7.4 கூட்டலும் கழித்தலும்

பெருக்கலுக்குக் காவல் போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கும் இடத்தில் கூட்டல் கவிழ்க்கும். இன்டெல் கிராஃபிக்ஸுக்கான ஐ915 டிரைவரில் 2013-இல் வெளிவந்த சிவிஇ-2013-0913 இதற்குப் பாடப்புத்தக உதாரணம். கூகுளின் மூன்றாவது ப்வ்னியம் போட்டியில் குரோம் ஓஎஸ்ஸுக்கு எதிராகப் பயன்பட்டது அது. பயனர் நிரல் அனுப்பும் ஒவ்வொரு பொருளோடும் இடமாற்றப் பதிவுகளின் எண்ணிக்கை ஒன்று வரும். ஒரு பதிவு 32 பைட். ஒவ்வொரு பொருளின் எண்ணிக்கைக்கும் வரம்புச் சோதனை இருந்தது. கடைசியில் இடம் ஒதுக்கிய ஃபங்ஷனும் பெருக்கலைச் சோதித்தது. இடையில் எல்லாப் பொருள்களின் எண்ணிக்கைகளையும் கூட்டிய இடத்தில் மட்டும் ஒன்றுமில்லை.

கணக்குப் போட்டால் தெரியும். ஒரு பொருளுக்கு அனுமதித்த உச்சம் 6,71,08,863 என்று கொள்ளுங்கள்; அது இன்ட் உச்சத்தை 32-ஆல் வகுத்த ஈவு. அப்படி 64 பொருள்களும், 65 பதிவுகளோடு இன்னொரு பொருளும் வந்தால் 32 பிட்டில் கூட்டுத்தொகை 1. காவல் இருந்த பெருக்கல் அந்த ஒன்றை ஒழுங்காக 32-ஆல் பெருக்கித் தந்துவிடும். இதற்கு வந்த திருத்தம், கூட்டுவதற்கு முன்பே ‘இன்னும் மிச்சமிருக்கும் இடத்தை விட இது பெரிதா’ என்று கேட்டது. உச்சத்திலிருந்து இதுவரை சேர்ந்ததைக் கழித்து, அதோடு புதிய எண்ணை ஒப்பிட்டது. இதுவரை சேர்ந்தது உச்சத்தை ஒருபோதும் தாண்டாது என்று உறுதியாக இருப்பதால்தான் அந்தக் கழித்தல் செல்லும்.

அந்த உறுதி இல்லாவிட்டால் அதே கழித்தல் ஓட்டையாகிவிடும். 2022 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2022-0185 கோப்பு முறைமைப் பகுதியில் இருந்தது. 4,096 பைட் பக்கத்திலிருந்து இரண்டையும், ஏற்கெனவே நிரம்பியதையும் கழித்து, புதிய துண்டின் நீளம் அதை மிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். நிரம்பியது 4,095 ஆகும்போது கழித்தலின் விடை −1. குறியற்ற எண்ணில் அது மாபெரும் எண். எவ்வளவு நீளமான துண்டும் உள்ளே போய்விடும். திருத்தத்தில் கழித்தலை எடுத்துவிட்டு, நிரம்பியது, புதிய நீளம், இரண்டு ஆகியவற்றைக் கூட்டிப் பக்க அளவோடு ஒப்பிட்டார்கள்.

கெர்னலில் இதற்கு சைஸ்_ஆட், சைஸ்_சப், சைஸ்_மல் இருக்கின்றன. மூன்றும் 5.18 பதிப்பில் வந்தவை, அடங்காதபோது உச்ச எண்ணில் நிற்பவை. இவற்றின் அருமை தெரிய ஒரு தவறைப் பாருங்கள்: அரே_சைஸ் தந்த விடையோடு சாதாரணக் கூட்டல் குறியால் 1 சேர்ப்பது. அரே_சைஸ் உச்சத்தில் நின்றிருந்தால், ஒன்று கூட்டியதும் விடை பூஜ்யம். காவலைப் போட்டவரே அதைக் கழற்றிய கதை. சைஸ்_ஆட் போட்டால் உச்சம் உச்சமாகவே இருக்கும்.

பிழையை உடனே பிடித்து வேறு செய்தி தர வேண்டுமானால் செக்_மல்_ஓவர்ஃப்ளோ, செக்_ஆட்_ஓவர்ஃப்ளோ பொருந்தும். விடை அடங்காவிட்டால் இவை ‘உண்மை’ என்று திருப்பும். எதில் அடங்க வேண்டும் என்பதை மூன்றாவதாகத் தரும் மாறியின் வகை தீர்மானிக்கும்.

7.5 விடையை எதில் வைக்கிறீர்கள்?

பாதுகாப்பாகக் கணக்கிட்ட அளவை 32 பிட் மாறியில் வாங்கினால் பாடுபட்டது வீண். 64 பிட் கணினியில் சைஸ்_டி உச்சத்தை அப்படி வாங்கினால் மிஞ்சுவது 4,29,49,67,295, அதாவது 4 ஜிபிக்கு ஒரு பைட் குறைவு. கேமாலாக் அதையும் மறுக்கும். விமாலாக்கோ, நினைவகம் நிறைய உள்ள சர்வரில், கொடுத்துவிடக்கூடும். அளவு கடந்து போகும் வழியெங்கும் சைஸ்_டி வகையே இருக்க வேண்டும்: உள்ளூர் மாறி, ஸ்ட்ரக்டின் புலம், உதவி ஃபங்ஷனின் அளபுரு எல்லாமே.

2021 ஜூலையில் குவாலிஸ் வெளியிட்ட, ‘செக்வோயா’ என்ற பெயர் பெற்ற சிவிஇ-2021-33909 இந்த வகைதான். ப்ராக் கோப்புகளை வாசிக்கத் தரும் பகுதியில், உரை அடங்கும் வரை இடத்தை இரட்டித்துக்கொண்டே போவார்கள். மிக ஆழமான கோப்புறைப் பாதையைக் கட்டி அதை 2 ஜிபி வரை வளர்க்க முடிந்தது. அந்த அளவு வழியில் ஓர் இன்ட் அளபுருவுக்குள் நுழைந்து எதிர்ம எண்ணாக மாறியது. ஒதுக்கிய இடத்துக்கு முன்னால் எழுத வழி பிறந்தது. சாதாரணப் பயனர் ரூட் ஆக அது போதும். இந்த ஓட்டை 2014 முதல் கெர்னலில் இருந்தது. இதற்குப் பிறகு 5.15 பதிப்பில் கேவிமாலாக் குடும்பம் முழுதுக்கும் இன்ட் உச்சமே வரம்பு ஆக்கப்பட்டது.

7.6 வரம்பு உங்கள் பொறுப்பு

இதுவரை பார்த்த கருவிகள் கணக்கு சரியா என்று மட்டுமே சொல்லும். கேட்கிற அளவு நியாயமா என்று சொல்லாது. அது அந்த வன்பொருளை அறிந்த உங்களுக்கே தெரியும். அட்டையில் 256 சேனல்தான் உண்டு என்றால், 257 என்று வந்ததும் ஈஇன்வால் பிழையோடு திருப்பி அனுப்புங்கள். ஒதுக்கும் ஃபங்ஷன் மறுக்கட்டும் என்று விட்டால் இரண்டு சிக்கல் வரும். 4 கேபி பக்கமுள்ள வழக்கமான கணினியில் கேமாலாக் ஒரே மூச்சில் 4 எம்பி வரை தரும். அந்த அளவைத் திரும்பத் திரும்பக் கேட்டே ஒருவர் கணினியை முடக்கலாம். அதற்கு மேல் கேட்டால் கெர்னல் பதிவேட்டில் எச்சரிக்கை விழும். எச்சரிக்கை வந்தாலே நின்றுவிடும்படி அமைத்த கணினிகளில் அதுவே ஒரு தாக்குதல்.

பயனர் சொல்லும் அளவுக்கு ஒதுக்கும்போது ஜிஎஃப்பி_கெர்னல்_அக்கவுன்ட் கொடியைப் பயன்படுத்துங்கள். செலவு அந்த நிரலின் நினைவகக் கணக்கில் எழுதப்படும். சாதனம் சொல்லும் எண்ணையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். யூஎஸ்பி துளையில் யார் எதைச் செருகுவார் என்று டிரைவருக்குத் தெரியாது.

7.7 ஒன்றாகச் சேர்த்து எழுதுவோம்

7.1-இல் தொடங்கிய டிரைவருக்குத் திரும்புவோம். தலைப்பில் பதிப்பு எண் 4 பைட், எண்ணிக்கை 4 பைட். வாலில் 16 பைட் அமைப்புகள்.

1. பயனரிடமிருந்து தலைப்பின் 8 பைட்டை மட்டும் நகலெடுக்கவும்.

2. பதிப்பைச் சரிபார்க்கவும். எண்ணிக்கை பூஜ்யமானாலோ 256-ஐத் தாண்டினாலோ ஈஇன்வால்.

3. ஸ்ட்ரக்ட்_சைஸால் அளவைக் கணக்கிட்டு சைஸ்_டி மாறியில் வைக்கவும். வரம்பு 256 என்பதால் இது 4,104 பைட்டைத் தாண்டாது. அப்படியிருக்க மேக்ரோ எதற்கு? நாளை வேறொருவர் வரம்பைத் தளர்த்தினாலும் கணக்கு நிற்பதற்கு.

4. இடத்தைப் பூஜ்யமாக்கித் தரும் கேஇசட்அலாக்கால் ஒதுக்கவும். வெற்றுப் பாயிண்டர் வந்தால் ஈநோமெம்.

5. வாலைத் தொடுவதற்கு முன், சரிபார்த்த எண்ணிக்கையை அட்டவணையின் எண்ணிக்கைப் புலத்தில் எழுதவும்.

6. ஃப்ளெக்ஸ்_அரே_சைஸ் சொல்லும் அளவுக்கு, வாலை மட்டும் பயனரிடமிருந்து நகலெடுக்கவும். நகல் முழுமையாகவில்லை என்றால் ஒதுக்கியதை விடுவித்துவிட்டு ஈஃபால்ட்.

7. சுழற்சி அட்டவணையில் உள்ள எண்ணிக்கைப்படியே ஓட வேண்டும்.

ஆறாவது படியில் தலைப்பையும் சேர்த்து மறுபடி நகலெடுக்கும் வழக்கம் பல டிரைவர்களில் உண்டு. இரண்டு நகலுக்கும் இடையில் பயனர் நிரலின் இன்னோர் இழை எண்ணிக்கையை மாற்றிவிட்டால், ஒதுக்கியது ஓர் எண்ணுக்கு, சுழற்சி ஓடுவது வேறோர் எண்ணுக்கு. முழுதும் நகலெடுத்தே ஆக வேண்டுமானால், முதலில் சரிபார்த்த எண்ணிக்கையை அதன் மேல் மீண்டும் எழுதிவிடுங்கள். தலைப்பில்லாத வெறும் அரே வருமானால் 6.7 பதிப்பிலிருந்து மெம்டப்_அரே_யூசர் உண்டு. பெருக்கல், ஒதுக்கல், நகல் மூன்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஐந்தாவது படி கவுன்டட்_பை குறிப்புக்காகவும் தேவை. நெகிழ்வு அரேயின் நீளம் எந்தப் புலத்தில் இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் குறிப்பு அது. கெர்னலில் 6.6 பதிப்பு முதல் பயன்படுகிறது. புரியாத பழைய கம்பைலரில் ஒன்றுமில்லாமல் போய்விடும். புரியும் கம்பைலரில், எல்லைச் சோதனைகளை இயக்கியிருந்தால், எண்ணிக்கையைத் தாண்டித் தொட்ட கணமே பிழை பிடிபடும். எண்ணிக்கையை எழுதும் முன் வாலைத் தொட்டாலோ, நீளம் பூஜ்யம் என்று கருதி சரியான கோடையும் பிடித்துவிடும்.

கடைசியாக ஒரு சிக்கனக் குறிப்பு. கேமாலாக் கேட்ட அளவைத் தன் பெட்டி அளவுகளுக்கு மேல்நோக்கி முழுமையாக்கும். 4,104 பைட் கேட்டால் 8,192 பைட் பெட்டி போகும். 255 சேனலோடு நிறுத்த முடிந்தால் 4,088 பைட், 4,096 பெட்டியில் அடங்கிவிடும்.

7.8 பேட்ச் அனுப்பும் முன்

• ஒதுக்கும் ஃபங்ஷனின் அடைப்புக்குறிக்குள் பெருக்கலோ கூட்டலோ இருக்கிறதா?

• வெளியிலிருந்து வரும் எண் எல்லாம் குறியற்ற வகையா? வன்பொருளுக்கு ஏற்ற வரம்பு உண்டா?

• ஒப்பீட்டில் கழித்தல் இருந்தால், விடை ஒருபோதும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்று எந்த வரி உறுதி தருகிறது?

• அளவு எங்காவது இன்ட் வழியாகக் கடந்து போகிறதா?

• ஒதுக்கிய எண்ணும் சுழற்சியின் எண்ணும் ஒன்றேதானா?

பிறகு சோதனை. எல்லை மீறிய நினைவகத் தொடுதலைப் பிடிக்கும் கேசான் கருவியை இயக்கிய கெர்னலில், 0, 1, வரம்பு, வரம்பு + 1, 32 பிட் உச்சம், 26,84,35,457 ஆகிய எண்ணிக்கைகளை அனுப்பிப் பாருங்கள். கியூஎமுவில் ஒரு 32 பிட் கெர்னலையும் ஏற்றி அதையே செய்யுங்கள். 64 பிட்டில் மட்டும் சோதித்தால் இந்த அத்தியாயத்தின் முதல் பிழை கண்ணில் படவே படாது.

பயிற்சிகள்

1. ஓர் உறுப்பு 24 பைட். 32 பிட்டில் பெருக்கற்பலன் 100-க்குக் கீழே சுற்றி வரும்படி ஓர் எண்ணிக்கையைக் கண்டுபிடிக்கவும். 17,89,56,971-இல் தொடங்கிப் பாருங்கள்.

2. நீங்கள் பராமரிக்கும் அல்லது வாசிக்கும் ஒரு டிரைவரில் ஐஓசிடிஎல் வழியாக வரும் ஒவ்வோர் எண்ணையும் எடுத்து, அது ஒதுக்கீட்டை அடையும் வரை எந்தெந்த வகைகளில் தங்கிச் செல்கிறது என்று வரிசையாக எழுதவும்.

3. ஓர் உறுப்பு அரேயில் முடியும் ஸ்ட்ரக்ட் ஒன்றைக் கண்டுபிடித்து நெகிழ்வு அரேயாக மாற்றவும். சைஸ்ஆஃப் குறைந்ததால் எந்த வரிகள் மாற வேண்டும் என்பதைப் பேட்சின் விளக்கத்தில் எழுதவும். பரிசீலிப்பவர் முதலில் கேட்பது அதைத்தான்.